மாமனார் திருகிய வால்வு

மாமா,

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் என் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அழுத்திக் காற்றடித்தாள். முள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "பிரஷர் கூடுதலா இருக்கும்மா. உப்பக் கொறைச்சுக்கோங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் முறைத்தாள். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு உங்களை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பிரஷருக்காக உப்பைக் குறைத்தவர்கள் அருப்புக்கோட்டையில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஐஸ் கம்பெனிக்கே உப்பைக் குறைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். அதை உங்கள் கருமாதியன்றே ஊர் செய்து முடித்துவிட்டது. மைக் செட் வைத்து ஆளாளுக்குப் பேசினார்கள். உழைப்பால் உயர்ந்தவர் என்றார் ஒருவர். படிக்காத மேதை என்றார் இன்னொருவர். மெஷின் உங்கள் பேச்சைக் கேட்கும் என்றுகூட ஒருவர் சொன்னார். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். நல்ல வார்த்தை ஒன்றையும் அவர்கள் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. ஆகவே மற்றவற்றை எழுதுகிறேன்.

பந்தல்குடியிலிருந்து உங்கள் இளைய மகனுக்கு வாழ்க்கைப்பட்டு நான் வந்தபோது பிஎஸ்ஸி பிசிக்ஸ் முடித்திருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று அதை உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னவர் நீங்கள்தான். தாலி ஏறிய மறுவாரமே அது உங்களுக்குக் கேலிக்கு ஆகிவிட்டது. "ஏம்மா விஞ்ஞானி, காப்பிக்குச் சீனி போட்டியா, இல்ல அதுக்கும் புஸ்தகத்தப் பாக்கணுமா?" என்று கடைக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட்பீர்கள். தனியாக இருக்கும்போது கேட்டதில்லை. சிரிக்க ஆளில்லாத இடத்தில் நீங்கள் வாயைத் திறந்ததே இல்லை.

திருச்சுழி ரோட்டில் அப்போது நம் ஐஸ் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தகரக் கொட்டகை, பெல்ட் போட்ட ஒரு கம்ப்ரசர், நடுவே உப்புத் தண்ணீர்த் தொட்டி. உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாது. அதனால் அதை எவ்வளவு வேண்டுமானாலும் குளிரவைத்து, அதற்குள் அச்சுகளை இறக்கி ஐஸ் எடுக்கலாம். விடிந்ததும் சைக்கிள்காரர்கள் பெட்டியை நிரப்பிக்கொண்டு மல்லாங்கிணறு, நரிக்குடி என்று பிரிந்து போவார்கள். கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன ரூம் இருந்தது. கிழிந்த சாக்கும் உடைந்த பெட்டியும் எலியும் அதில் குடியிருந்தன. அந்த ரூமைத்தான் நான் கேட்டேன்.

என் அப்பா மல்லிகை போட்டிருந்தார். காலையில் பறித்த பூவைக் கூடையில் வைத்து பஸ் ஏற்றிக் கொண்டுவருவார். வெயில் ஏற ஏற வியாபாரி விலையை இறக்குவான். மத்தியானத்துக்குமேல் அவன் சொன்னதுதான் விலை, ஏனென்றால் பூ வாடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் குளிரில் வைத்து மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொடுத்தால் விலையை நாம் சொல்லலாம். இதற்கு விஞ்ஞானம்கூட வேண்டாம், பூ விளைகிற வீட்டில் பிறந்திருந்தால் போதும். உங்கள் மகனிடம் சொன்னேன். அவர் உங்களிடம் சொன்னார். நீங்கள் அத்தையிடம் சொல்லிச் சிரித்தீர்கள். விருதுநகர்ச் சம்பந்தி ஒருவர் வந்து, குளிர் ரூம் வைத்திருப்பது கௌரவம் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தீர்கள்.

"சரி, ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பாப்போம். பூ கெட்டுச்சுன்னா ரூமக் காலி பண்ணி மூத்தவன்கிட்டக் குடுத்துரணும். அவன் கலர் பாட்டில் அடுக்க எடம் கேட்டுக்கிட்டு இருக்கான்" என்றீர்கள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அதற்கடுத்து எனக்கென்று ஆகியிருக்க வேண்டியது அந்த ரூம்தான். நான் தலையை ஆட்டினேன்.

மதுரையிலிருந்து மெக்கானிக் பாக்கியநாதன் வந்தார். மெஷின் ஒன்று, வேலை இரண்டு என்பதால் ஒரு சிக்கல் இருந்தது. தொட்டிக்குக் கடுங்குளிர் வேண்டும். பூவுக்கு லேசான குளிர் போதும், உறைந்தால் பூ செத்துவிடும். இரண்டு இடத்துக் குழாயும் திரும்பி ஒரே கம்ப்ரசருக்குத்தான் வருகின்றன. சும்மா விட்டால் தொட்டியை இழுக்கிற இழுப்பில் பூ ரூமையும் அது உறையவைத்துவிடும். அதற்காக அவர் பூ ரூமிலிருந்து வரும் குழாயில் பித்தளையில் ஒரு வால்வு வைத்தார். கைமுட்டி அளவுதான் இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு.

"இது வாசல்ல நிக்கிற ஆளு மாதிரிம்மா" என்றார். "ரூம் குழாயில பிரஷர் இந்த அளவுக்குக் கீழ எறங்கப் பாத்தா வழிய அடைச்சிரும். பிரஷர் எறங்காட்டி குளிரும் எறங்காது. பூ பொழைச்சுக்கும். திருகுல மட்டும் யாரும் கைய வைக்கக் கூடாது."

சுவரில் இரண்டு மீட்டர் மாட்டினார். தொட்டியின் முள் கீழே நின்றது, பூ ரூமின் முள் மேலே நின்றது. எனக்கு உடனே விளங்கியது. நான் மேற்கொண்டு இரண்டு கேள்வி கேட்டேன், அவரும் மரியாதையாகப் பதில் சொன்னார். கல்யாணமாகி வந்தபின் என் படிப்பை ஒருவர் கேலி பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை.

நீங்கள் வந்து நின்று பார்த்தீர்கள். "இதென்ன, ஒண்ணு மேல நிக்குது, ஒண்ணு கீழ நிக்குது?" என்றீர்கள். "அப்படித்தான் மாமா இருக்கணும்" என்றேன். ம் என்று தலையாட்டினீர்கள். கேட்காமலே எல்லாம் தெரிந்துவிட்டவர்கள் ஆட்டுகிற ஆட்டு அது. அதற்கு நான் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் உங்களுக்கு மயக்கம் வந்தது. மதுரை டாக்டர் பிரஷர் என்றார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அன்றுமுதல் அந்த வார்த்தை உங்கள் சொந்தச் சொத்து. யார் வந்தாலும், "எனக்குப் பிரஷரு" என்று ஏதோ பட்டம் வாங்கினவர்போலச் சொல்வீர்கள். வந்தவருக்கும் பிரஷர் இருந்தால் உங்களுக்குப் பிடிக்காது. அந்த ஞானத்தோடு ஒருநாள் காலையில் போய் மீட்டரைப் பார்த்திருக்கிறீர்கள். பூ ரூமுக்குப் பிரஷர் ஏறி நிற்கிறது. ஸ்பேனரை எடுத்து மூடியைக் கழற்றி, இரண்டு முள்ளும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை திருகை இளக்கிவிட்டீர்கள்.

மறுநாள் நான் கூடையைத் திறந்தபோது மல்லிகை கல்லாக இருந்தது. வெளியே எடுத்துவைத்ததும் தண்ணீர் விட்டு, வெந்த கீரைபோலக் கருத்துச் சுருண்டது. வாசலில் பூ வாங்க நின்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் வந்து எட்டிப் பார்த்து, "தண்ணியத் தெளிச்சு வச்சிருப்ப. படிச்சிருந்தா மட்டும் போதுமா?" என்றீர்கள். நான் மீட்டரைப் பார்த்தேன். வால்வு மூடியில் புதிதாக ஸ்பேனர் கீறல் இருந்தது.

"மாமா, இத யாரு தொட்டது?"

"நாந்தான் எறக்குனேன். ஏறிப்போயி நிக்குது, வீட்டுல ஒருத்தருக்கும் அக்கறையில்ல. வெடிச்சிருந்தா?"

"அது ஏறித்தான் மாமா இருக்கணும். எறங்குனா பூ ஒறைஞ்சிரும். மனுசருக்கு வர்ற பிரஷர் வேற, இது வேற."

"மனுசனுக்கு ஒரு பிரஷரு, மிசினுக்கு ஒரு பிரஷரா? எல்லாம் பிரஷருதாம்மா. அதுவும்போக, ஒரே மிசினுல ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு தாழ்த்தியா இருக்கக் கூடாது. ரெண்டும் சமமா இருக்கணும். அதுதான் நாயம்."

நியாயம் பேசியது நீங்கள். கோழி அடித்தால் தொடைக்கறி மூத்தவர் தட்டுக்குப் போன பிறகுதான் குழம்புச்சட்டி அடுத்தவர் பக்கம் நகரும். தீபாவளிக்கு மூத்த மருமகளுக்குப் பட்டு எடுப்பீர்கள், எனக்குப் பட்டுமாதிரி எடுப்பீர்கள். அத்தை எல்லாரும் தின்று எழுந்தபின் மிச்சத்தைத் தின்பார்கள். இரண்டு செம்புக் குழாய்களுக்கு நடுவே மட்டும் உங்களுக்குச் சமத்துவம் வேண்டியிருந்தது. இன்னொரு தடவை பூ கெட்டால் ரூம் மூத்தவருக்கு என்று சொல்லிவிட்டு, நீங்கள் கெடுத்ததற்கு என்னை மன்னித்துவிட்டும் போனீர்கள். உங்கள் இளைய மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு காலையில் நீங்கள் திருகை இளக்கிவிட்டுப் போவீர்கள். உங்கள் தலை மறைந்ததும் நான் போய் முறுக்கி வைப்பேன். மருமகள் உத்தியோகம் என்பது பெரும்பாலும் அப்படித்தான் என்று நினைத்து அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உப்பு விஷயம் வந்தபோதுதான் பொறுக்க முடியாமல் போயிற்று.

தொட்டித் தண்ணீர் நீர்த்துப்போகும்போதெல்லாம் அதில் உப்பு மூட்டையைக் கொட்டவேண்டும். தொட்டி ஆளைக் கூப்பிட்டு, "இனிமே உப்புப் போடாத. பிரஷர் உள்ள எடத்துல உப்பு ஆகாது, டாக்டரே சொல்லிட்டாரு" என்றீர்கள். அவனும் வெறும் தண்ணீராக ஊற்றி நிரப்பினான். உப்புக் குறைந்த தண்ணீர் குழாயைச் சுற்றி உறைந்து, குளிர் வெளியே வரவிடாமல் கம்பளிபோலப் போர்த்திக்கொண்டது. அச்சில் ஐஸ் பிடிக்கவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் குச்சியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, குச்சி மட்டும்ல வருது, ஐஸு வரலையே" என்றார். சித்திரை வெயிலில் வண்டிகள் காலிப் பெட்டியோடு திரும்பிப் போயின.

பாக்கியநாதன் மறுபடி வந்தார். தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "என்ன மொதலாளி, சப்புன்னு இருக்கு?" என்றார். நீங்கள் டாக்டர் சொன்னதைச் சொன்னீர்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மனிதர் வெளியே போய் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அன்று நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் நாங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்.

நிஜ வால்வைக் கழற்றிப் பூ ரூமுக்குள்ளே, குளிர்க் குழாய்க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தார். வெளியே பழைய இடத்தில், செத்துப்போன வேறொரு வால்வைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினார். அதன் இரண்டு பக்கமும் குழாய்த்துண்டு சுவருக்குள் போகும். அங்கே சிமெண்டோடு சரி. இரண்டு மீட்டரையும் தொட்டிக் குழாயிலேயே இணைத்தார். இனி இரண்டு முள்ளும் என்றைக்கும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். உங்களுக்குக் காட்டி, "புதுசு மொதலாளி. நைஸான சாமான். உங்க கை தவிர வேற கை படக்கூடாது" என்றார். ரூம் பிழைத்தது. ஆவணியில் ஒரு பூகூடக் கெடவில்லை.

அதன்பிறகு எத்தனை வருஷம் மாமா. குளித்து, விபூதி பூசி, கம்பெனிக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். மூடியைக் கழற்றி, திருகை ஒரு இம்மி இப்படித் திருப்பி, அரை இம்மி அப்படித் திருப்பி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பீர்கள். இரண்டு முள்ளையும் பார்ப்பீர்கள். "பாத்தீகளா, சமம்" என்று யாரிடமாவது சொல்வீர்கள். கல்யாணத்துக்கு வெளியூர் போனால்கூட, "நான் இல்லாட்டி மிசினு மொகம் மாறிரும்" என்று சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுவீர்கள். நானும் தொட்டி ஆளும் சிரித்துச் சிரித்து விலா நொந்திருக்கிறோம். சுவரோடு முடிகிற ஒரு பித்தளைத் துண்டை நம்பி ஒரு மனிதர் மீசையை முறுக்குவதைத் தினமும் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. நீங்கள் என்ன பேசினாலும் அதற்குமேல் எனக்கு வலிக்கவில்லை.

பூ ரூம் வளர்ந்தது. பந்தல்குடி, திருச்சுழிப் பக்கத்துப் பூ முழுக்க அங்கேதான் வந்து இறங்கியது. பாதிச் சுவரை இடித்துப் பெரிதாக்கினோம். சின்ன மருமகள் பூ ரூம் என்றே ஊரில் பேர். நீங்களும் நாலு பேர் இருக்கும்போது, "அது ஒன் ரூமு தாயி, நீ வச்சதுதான் சட்டம்" என்பீர்கள். நான் நம்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சொத்தைப் பிரித்தீர்கள். பெரியவர்களை வரவழைத்து, காப்பி கொடுத்து, வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் உட்கார்ந்து சொன்னீர்கள். கம்பெனியும் அதை ஒட்டிய கட்டடமும் மூத்தவருக்கு. கண்மாய் நிறையாத ஊரில், நரிக்குடிப் பக்கம் கருவேலம் மண்டிக் கிடந்த காடு இளையவருக்கு. "எனக்கு ரெண்டு பேரும் சமம். சமமாத்தான் பிரிச்சிருக்கேன்" என்றீர்கள்.

நான் அடுப்படி நிலையில் நின்றபடி கேட்டேன். "மாமா, பூ ரூமு?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. ரூமு கம்பெனியோட ஒட்டுனது. தனியாப் பிச்சா எடுக்க முடியும்?"

பெரியவர்கள் ஆமாம் என்றார்கள். உங்கள் இளைய மகன் அன்றும் தரையைத்தான் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். பெரியவர்கள் முன்னால் சிரிக்கிறாள் என்று மூத்த மருமகளான அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை. உங்கள் கையில் எதோடும் சேராத திருகைக் கொடுத்துவிட்டு இத்தனை வருஷம் உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதே வருஷங்களில் நீங்கள் எனக்குக் கொடுத்திருந்ததும் அதேதான். நானும் அதைத் தினமும் திருகி, ரூம் என் சொல்லைக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வித்தியாசம் உண்டு. நான் உங்களுக்குச் செய்தது பூவைக் காப்பாற்ற.

நாங்கள் பந்தல்குடிக்குப் போய்விட்டோம். உங்கள் மகன் மறுபேச்சு இல்லாமல் என் பின்னால் வந்தார், அவர் செய்த ஒரே வீரம் அது. அப்பா கொடுத்த இடத்தில், தூத்துக்குடி ரோட்டோரம், பூவுக்கென்றே ஒரு சின்ன மெஷின் வைத்தோம். நிஜ வால்வு எங்கே இருக்கிறது என்று போகும்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மூத்தவர் பூ ரூமில் ஐஸ்கிரீம் வைக்க ஆசைப்பட்டார். அதற்குப் பூவைவிடக் கடுமையான குளிர் வேண்டும். நிஜ வால்வு விடவில்லை, அதன் வேலை அதுதானே. அவர் வெளியில் இருந்த திருகைத் திருகித் திருகி மரை தேய்த்திருக்கிறார். நீங்களும் தினமும் போய்த் திருகியிருக்கிறீர்கள். ஐஸ்கிரீம் பெட்டி பெட்டியாக இளகி ஓடியது. ஒருநாள் உச்சிவெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் பந்தல்குடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தீர்கள்.

உப்பில்லாத மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அந்த வால்வு இப்ப சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது தாயி. நீ வந்து என்னன்னு பாத்துட்டுப் போ" என்றீர்கள்.

இந்த நாளுக்காக நான் ஒரு வாக்கியத்தை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். அதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி விழும் என்று அடுப்படியில், பூக்கூடை நடுவில், எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சொன்னேன்.

"மாமா, அது எதோடயும் சேரல. ரெண்டு பக்கமும் குழாய் சுவத்துக்குள்ள போயி நின்னுருது. நீங்க இத்தன வருசமும் திருகுனது வெறும் பித்தளைய."

நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். மீசையைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"குழாய் எங்கன போனா என்னம்மா? திருகுன கை எந்தக் கைன்னு பாரு. நான் திருகுன வரைக்கும் ஓடுச்சா இல்லையா? கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல" என்றீர்கள். பிறகு, "மூத்தவனுக்கு அந்த ராசி வாய்க்கல. சரி, பஸ்ஸு வந்துரும், நான் வாரேன்" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

உங்கள் தலை மறைந்ததும் நான் அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். நான் கண்ணும் கருத்துமாக வளர்த்த ஒரு உண்மையை மோரோடு சேர்த்துக் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். மடத்தனம் ஒரு அளவுக்குமேல் போனால் அதை யாராலும் அவமானப்படுத்த முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு நீங்கள் அந்த ரூம் பக்கம் போவதை விடவில்லை என்றும், காலி ரூமுக்கு வெளியே நின்று சாகும்வரை திருகிக்கொண்டிருந்தீர்கள் என்றும் அத்தை சொன்னார்கள். உங்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதற்கு அவசியமும் தெரியவில்லை.

ஆனாலும் உங்களிடமிருந்து ஒரு பழக்கம் எனக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இது உங்கள் பொறுப்பு என்று யார் எதைக் கொடுத்தாலும், நன்றி சொல்வதற்கு முன்னால் அதன் பின்பக்கம் எங்கே போகிறது என்று பார்க்கிறேன். மகளிர் சங்கத்தில் என்னைத் தலைவியாக்கியபோதும் பார்த்தேன், கோயில் கமிட்டியில் சேர்த்தபோதும் பார்த்தேன். மரியாதை தெரியாதவள் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

போன வாரம் உங்கள் பேத்தி, என் மகள், போன் பண்ணினாள். சிவகாசியில் அவள் மாமனார் புதுக்கடை திறக்கிறாராம். கடைக்கு இவள் பேரையே வைத்திருக்கிறாராம். கடை முழுக்க உன்னுடையதுதான், நீ வைத்ததுதான் சட்டம் என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

"நல்லதும்மா" என்றேன். "கடைச் சாவி யாருகிட்ட இருக்கு?"



"மாமாகிட்டம்மா" என்றாள்.